எல்லாமே 'அட்டைப்பெட்டி'தானா? பிரவுன் பாக்ஸ் முதல் பிரியாணி பாக்ஸ் வரை... எதை எதற்கு வாங்கணும்?

பட்டினப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட்டை எடுத்துக்கொள்வோம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அந்த வீட்டு வாசலுக்கு என்னென்ன பெட்டிகள் வரும்? காலையில் ஆன்லைனில் ஆர்டர் செய்த மிக்சி, பிரவுன் நிறப் பெட்டியில். மதியம் பிரியாணி, பேப்பர் டப்பாவில். மாலையில் மயிலாப்பூரிலிருந்து வரும் உறவினர் கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ். ராத்திரி பீட்சா. நடுவில் புதுசாக வாங்கிய போன் ஒன்று, மூடியைத் தூக்கினால் மெதுவாக வழுக்கித் திறக்கும் கெட்டியான வெள்ளைப் பெட்டியில்.

ஐந்தையும் நாம் 'அட்டைப்பெட்டி' என்றுதான் சொல்கிறோம். ஆனால் ஐந்தும் ஐந்து வேறு பொருள்கள். செய்யும் முறை வேறு, தாங்கும் எடை வேறு, விலை வேறு. உபயோகித்த பிறகு போய்ச் சேர வேண்டிய இடமும் வேறு.

இதெல்லாம் பெட்டி கம்பெனிக்காரர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் ஆச்சே, நமக்கு எதுக்கு என்று தோன்றலாம். இன்ஸ்டாகிராமில் பிரவுனி, ஊறுகாய், மெழுகுவர்த்தி, டெரகோட்டா நகை என்று வீட்டிலிருந்தே விற்கத் தொடங்கியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பொருள் நன்றாக இருந்தும், பெட்டி தப்பானதால் நொறுங்கிப் போன முதல் ஆர்டர் பற்றிய கதை பலரிடமும் இருக்கும். விற்காதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சூடான சாப்பாடு எந்தப் பூச்சின் மேல் உட்கார்ந்து வருகிறது, 'ஈகோ ஃப்ரெண்ட்லி' என்று அச்சடித்த டப்பா நிஜமாகவே மக்குமா என்பது எல்லாருக்குமான கேள்வி.

ரெண்டே கேள்விதான்

எந்தப் பேப்பர் பெட்டியைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும். ஒன்று, இதை நிமிர்ந்து நிற்க வைப்பது எது? இரண்டு, இதன் மேல் என்ன பூசியிருக்கிறது?

முதல் கேள்விக்கான பதில், பெட்டி எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லும். இரண்டாவது கேள்விக்கான பதில், அதில் சாப்பாடு வைக்கலாமா, அது பழைய பேப்பர் கடைக்குப் போகுமா, குப்பைமேட்டுக்குப் போகுமா என்று சொல்லும். நிறம், பளபளப்பு, கையில் எடுத்தால் தெரியும் கனம் மூன்றும் ஏமாற்றக்கூடியவை.

பிரவுன் பெட்டி: பலம் காற்றில் இருக்கிறது

மிக்சி வந்த பெட்டியின் ஓரத்தைக் கொஞ்சம் கிழித்துப் பாருங்கள். இரண்டு தட்டையான தாள்களுக்கு நடுவே அலை அலையாக நெளிந்த ஒரு தாள் தெரியும். இதுதான் நெளி அட்டை. கடைகளில் 'கரகேட்டட் பாக்ஸ்' அல்லது 'கார்ட்டன்' என்பார்கள். நடுவில் உள்ள அலைக்கு 'ஃபுளூட்' என்று பெயர்.

மூன்றும் மெல்லிய க்ராஃப்ட் பேப்பர்தான். தனித்தனியாக எடுத்தால் கையால் கிழித்துவிடலாம். ஆனால் நடுத்தாளை நெளித்து ஒட்டியதும், வரிசையாக நிற்கும் குட்டித் தூண்கள் மாதிரி அது வேலை செய்கிறது. தூண்களுக்கு இடையே இருப்பது வெறும் காற்று. அந்தக் காற்று இடைவெளிதான் அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் அதிகக் கனம் இல்லாமலே அதிகப் பலம் கிடைக்கிறது.

இந்த ஐடியா பெட்டிக்காக வந்ததே இல்லை. 1856இல் இங்கிலாந்தில் ஹீலி, ஆலன் என்ற இருவர் நெளித்த காகிதத்துக்குக் காப்புரிமை வாங்கினார்கள். எதற்குத் தெரியுமா? அன்றைக்கு ஆண்கள் அணிந்த உயரமான தொப்பியின் உள்பக்கம் வைக்க! 1871இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் ஜோன்ஸ், பாட்டில்களையும் விளக்குக் கண்ணாடிகளையும் சுற்றி அனுப்ப நெளித்த காகிதத்தைப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். அதன் பக்கங்களில் தட்டைத் தாள் ஒட்டி, இன்றைய வடிவம் வந்தது அதற்குப் பிறகுதான்.

*பிளை என்றால்?* எத்தனை தாள் அடுக்கு என்பதுதான் பிளை. இரண்டு தட்டைத்தாள், நடுவில் ஒரு அலை இருந்தால் 3 பிளை. மூன்று தட்டைத்தாள், இரண்டு அலை என்றால் 5 பிளை. இன்னொரு அலை சேர்ந்தால் 7 பிளை. துணி, புத்தகம், சின்னச் சின்னப் பொருள்களுக்கு 3 பிளை போதும். கண்ணாடி பாட்டில், மிக்சி, வீடு மாற்றும்போது பாத்திரம் என்றால் 5 பிளை. இயந்திர பாகங்கள், ஏற்றுமதிச் சரக்குக்கு 7 பிளை.

*ஃபுளூட் என்றால்?* அலையின் உயரம். ஏ, பி, சி, இ என்று எழுத்துகளால் சொல்வார்கள். ஏ சுமார் 5 மில்லிமீட்டர், சி சுமார் 4, பி சுமார் 3, இ சுமார் 1.5 மில்லிமீட்டர். எழுத்து வரிசைக்கும் உயரத்துக்கும் சம்பந்தமில்லை; புழக்கத்துக்கு வந்த வரிசையில் வைத்த பெயர்கள் இவை. உயரமான அலை, அடுக்கி வைக்கும்போது அதிக எடை தாங்கும். சின்ன அலை சீக்கிரம் நசுங்காது, மேலே பிரின்டிங்கும் நன்றாக வரும். பீட்சா பெட்டியும், ஆன்லைன் பிராண்டுகள் அனுப்பும் மடக்கி மூடும் 'மெய்லர்' பெட்டியும் பெரும்பாலும் சின்ன அலை வகைதான்.

கடைக்காரர் கேட்கும் 'ஜி.எஸ்.எம்', 'பி.எஃப்'

பாரிமுனை பக்கம் ஆண்டர்சன் தெருவிலோ, ஆன்லைனில் மொத்த விலைக் கடைகளிலோ பெட்டி விலை கேட்டால், "எத்தனை ஜி.எஸ்.எம், எத்தனை பி.எஃப்?" என்று திருப்பிக் கேட்பார்கள். முதல் தடவை கேட்பவருக்குத் தலை சுற்றும். விஷயம் ரொம்ப சிம்பிள்.

ஜி.எஸ்.எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு. ஆபீஸ் பிரின்டரில் போடும் ஏ4 தாள் 70 முதல் 80 ஜி.எஸ்.எம். நெளி அட்டைக்கான க்ராஃப்ட் பேப்பர் பெரும்பாலும் 100 முதல் 200க்குள் வரும்.

பி.எஃப் என்பது அந்தத் தாளின் தரம். உள்ளிருந்து அழுத்தினால் எந்த அழுத்தத்தில் கிழியும் என்பதை, தாளின் எடையோடு ஒப்பிட்டுச் சொல்வது. ஜி.எஸ்.எம்-ஐ பி.எஃப்-ஆல் பெருக்கி 1,000ஆல் வகுத்தால், அந்தத் தாள் ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை கிலோ அழுத்தம் தாங்கும் என்று வரும். அலைத்தாளுக்கு மட்டும் அதில் பாதியைச் சேர்ப்பது தொழிலில் உள்ள வழக்கம்.

ஒரு கணக்குப் போடலாம். மூன்று தாளும் 120 ஜி.எஸ்.எம், 18 பி.எஃப் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாளுக்கு 2.16. இரண்டு தட்டைத்தாளுக்கு 4.32. அலைக்குப் பாதி, 1.08. மொத்தம் 5.4. அதே 3 பிளையில் 150 ஜி.எஸ்.எம், 22 பி.எஃப் தாள் போட்டால் 8.25 வரும். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே பிரவுன் பெட்டி. ஆனால் பலத்தில் ஒன்றரை மடங்கு வித்தியாசம்!

"3 பிளை பெட்டி என்ன விலை?" என்று மட்டும் கேட்டு, இரண்டு கடை விலையை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை என்பது இதனால்தான். பிளை, ஜி.எஸ்.எம், பி.எஃப் மூன்றையும் சொல்லிக் கேட்டால்தான் நிஜமான ஒப்பீடு.

கடற்காற்று கார்ட்டனை என்ன செய்யும்?

மேலே சொன்ன எண்கள் உலர்ந்த பெட்டிக்கானவை. பட்டினப்பாக்கம் மாதிரி கடலை ஒட்டிய இடத்தில் கதை கொஞ்சம் மாறும். காகிதம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச நார்களின் பிடி தளரும்.

நெளி அட்டைத் தொழிலில் பரவலாகப் பயன்படும் கையேட்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும்போது பெட்டி தாங்கும் எடையை முழு பலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஈரப்பதம் 80 சதவீதமானால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 90 சதவீதமானால் பாதிக்கும் மேல் காலி. சென்னையில் மழைக்காலக் காலை நேரங்களில் 80ஐத் தாண்டுவது சாதாரணம்.

அடுக்கி வைத்திருக்கும் காலமும் சேர்ந்து வேலை செய்கிறது. தொடர்ந்து ஒரு மாதம் எடை சுமந்தால் சுமார் 40 சதவீதம் பலம் குறையும்.

இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம். 10 கிலோ பெட்டிகளை ஆறு உயரத்துக்கு அடுக்கினால், அடிப்பெட்டி சுமப்பது 50 கிலோ. 80 சதவீத ஈரப்பதத்தில் ஒரு மாதம் நிற்க வேண்டும் என்றால், புதுசாக இருக்கும்போதே 120 கிலோவுக்கு மேல் தாங்கக்கூடிய பெட்டியாக அது இருக்க வேண்டும். "50 கிலோ தாங்கும்னு சொன்னாங்களே, எப்படி நசுங்கிச்சு?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

இன்னொரு விஷயம், பெட்டியின் பலத்தில் பெரும்பகுதி நான்கு மூலைகளில்தான் இருக்கிறது. செங்கல் கட்டுவது போல மாற்றி மாற்றி அடுக்கினால், மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் நடுவில் போய் உட்காரும். பார்க்க உறுதியாகத் தெரியும். உண்மையில் பலம் பாதி வரை குறையும். மூலைக்கு மேல் மூலை வருவது போல நேராக அடுக்குவதே நல்லது. தரையில் நேரடியாக வைக்காமல் ஒரு பலகை மேல் வைத்தால் இன்னும் நல்லது.

ஈரத்துக்கும் பேப்பருக்கும் உள்ள இந்தப் பகையை நேரில் பார்க்க லூப் ரோடு மீன் மார்க்கெட் வரை நடந்தால் போதும். ஐஸ் போட்ட மீன் தெர்மாகோல் பெட்டியிலும் பிளாஸ்டிக் கூடையிலும்தான் இருக்கும். வெறும் நெளி அட்டை அந்த ஈரத்தில் கொஞ்ச நேரத்தில் கூழாகிவிடும். உறைய வைத்த இறால் ஏற்றுமதியாகும்போது மட்டும் அட்டைப்பெட்டி வருகிறது. அங்கேயும் மெழுகு அல்லது பிளாஸ்டிக் பூசிய உள்பெட்டி, அதற்கு வெளியே தடித்த மாஸ்டர் கார்ட்டன் என்று இரட்டைப் பாதுகாப்பு.

பேஸ்ட், மாத்திரை, ஸ்வீட்: மடிப்பு அட்டை

டூத்பேஸ்ட் பெட்டியைக் கிழித்தால் அலை தெரியாது. ஒரே தடித்த அட்டைதான். இது மடிப்புப் பெட்டி. தொழிலில் 'மோனோ கார்ட்டன்' என்பார்கள். தட்டையாக அச்சடித்து, அச்சு வைத்து வெட்டி, மடிக்க வேண்டிய இடத்தில் கோடு அழுத்தி, கடைசியில் ஒட்டுவார்கள். தட்டையாகவே அனுப்பலாம் என்பதால் இடமும் லாரி வாடகையும் மிச்சம்.

இதன் பிறப்பே ஒரு விபத்து என்கிறார்கள். 1879 வாக்கில் அமெரிக்காவின் புரூக்ளினில் ராபர்ட் கேர் என்பவரின் அச்சகத்தில் காகிதப் பை தயாராகிக்கொண்டிருந்தது. மடிப்புக்கோடு போட வேண்டிய உலோகப் பட்டை இடம் மாறி, பைகளை வெட்டிவிட்டது. மற்றவராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பார். கேருக்கு வேறு ஒன்று தோன்றியது. வெட்டுவதையும் மடிப்புக்கோடு போடுவதையும் ஒரே இயந்திரத்தில் ஒரே அழுத்தில் செய்துவிட்டால்? அதிலிருந்து வந்ததுதான் இன்று மாத்திரை முதல் பிஸ்கட் வரை நாம் வாங்கும் பெட்டி.

இந்த வகையில் இரண்டு அட்டைகளைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, டியூப்ளெக்ஸ் போர்டு. வெளியே வெள்ளை, உள்ளே சாம்பல் நிறம். பழைய காகிதத்தைக் கூழாக்கி அடுக்கடுக்காகச் செய்வது. விலை குறைவு. சோப்பு, பொம்மை, எலெக்ட்ரிக்கல் சாமான், பட்டாசு என்று எல்லாவற்றுக்கும் ஓடும். சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலோடு சேர்ந்தே அச்சுத் தொழிலும் வளர்ந்ததில் இந்தப் பெட்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டாவது, ஃபோல்டிங் பாக்ஸ் போர்டு. மறுசுழற்சிக் காகிதம் இல்லாமல் புதிய மரக்கூழில் செய்வது. உள்பக்கமும் வெள்ளை அல்லது லேசான க்ரீம் நிறத்தில் இருக்கும். மருந்து, சாக்லேட், காஸ்மெட்டிக்ஸ் பெட்டிகளில் அதிகம் பார்க்கலாம். இத்தகைய பல அடுக்கு பூச்சு அட்டையைத் தமிழ்நாட்டிலேயே செய்கிறார்கள். அரசு நிறுவனமான டி.என்.பி.எல், கரூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வது பலருக்குத் தெரியும். அதே நிறுவனம் திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில், ஆண்டுக்கு 2 லட்சம் டன் திறன் கொண்ட அட்டை ஆலையை 2016 முதல் நடத்துகிறது.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? சாப்பாடு. மறுசுழற்சி அட்டையில் பழைய செய்தித்தாளின் மையும் கலந்திருக்கும். அந்த மையிலுள்ள எண்ணெய்ச் சேர்மங்கள் உலர்ந்த உணவுக்குள்கூட மெல்லப் போகக்கூடும் என்று சுவிட்சர்லாந்தின் சூரிச் உணவு ஆய்வகம் 2010 வாக்கில் எச்சரித்த பிறகு, ஐரோப்பாவில் பல நிறுவனங்கள் உணவுப் பெட்டியை மாற்றின. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு பேக்கேஜிங் விதிகள், உணவைச் செய்தித்தாளில் பொதியக் கூடாது, அச்சடித்த பக்கம் நேரடியாக உணவில் படக் கூடாது என்கின்றன.

அதனால் சாம்பல் நிற உள்பக்கம் கொண்ட பெட்டியில் பலகாரம் அனுப்புபவர், அடியில் உணவுத் தரமான பட்டர் பேப்பர் ஒன்றை விரிக்காமல் வைக்கக் கூடாது. எண்ணெய்ப் பலகாரம் என்றால் சுற்றிலும் தேவை. ஸ்வீட் பாக்ஸ் மேலே பளபளவென்று சுற்றி ஒட்டும் பிளாஸ்டிக் தாளுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை இருப்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

போன் பெட்டி: அழகு, ஆனால் இடம் அடைக்கும்

புது போன், வாட்ச், நகை வரும் கெட்டிப் பெட்டிக்கு 'ரிஜிட் பாக்ஸ்' என்று பெயர். உள்ளே 1.5 முதல் 3 மில்லிமீட்டர் வரை தடிமனான சாம்பல் அட்டை. அதன்மேல் அச்சடித்த மெல்லிய தாளை இழுத்து ஒட்டியிருப்பார்கள். மடிக்க முடியாது. நசுங்காது. தூக்கிப் போட மனசு வராது. கம்பெனிகளுக்கு வேண்டியதும் அதுதான்.

இதன் விலை மடிப்புப் பெட்டியைவிடப் பல மடங்கு. காரணம் அட்டை மட்டும் இல்லை. மூலை ஒட்டுவது, தாள் இழுத்து ஒட்டுவது என்று கைவேலை அதிகம். மடிக்க முடியாததால் 500 பெட்டி வாங்கினால் வீட்டில் ஒரு ரூமே நிரம்பும். சின்ன பிசினஸ் தொடங்குபவர்கள் 'பிரீமியம் லுக்' வேண்டும் என்று இதில் பணத்தைப் போட்டுவிட்டு, அதைக் கூரியரில் அனுப்ப மேலே இன்னொரு நெளி அட்டைப் பெட்டி வாங்க வேண்டியிருப்பதைப் பிறகுதான் உணர்கிறார்கள். கல்யாணக் கிஃப்ட், நகை போன்றவற்றுக்கு சரி. தினசரி ஆர்டருக்கு மேலே நல்ல பிரின்டிங் உள்ள மெய்லர் பெட்டியே போதும்.

பிரியாணி டப்பா: பேப்பருக்குள்ளே பிளாஸ்டிக்

இங்கதான் விஷயமே இருக்கிறது. குழம்பை ஊற்றினாலும் ஒழுகாத பேப்பர் டப்பா எப்படி சாத்தியம்? காகிதத்துக்குத் தண்ணீரை நிறுத்தத் தெரியாது. அப்படி நிறுத்துகிறது என்றால், உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. பெரும்பாலும் அது பாலித்தீன். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய படலமாக, சூட்டில் உருக்கி ஒட்டப்பட்டிருக்கும்.

2018 ஜூனில் அறிவிக்கப்பட்டு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த பிளாஸ்டிக் தடைப் பட்டியலில் கேரி பேக், ஸ்ட்ராவுடன் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், பேப்பர் பிளேட் ஆகியவையும் இருந்தன. "பேப்பரைப் போய் ஏன் தடை செய்யறாங்க?" என்று அன்றைக்குப் பலர் கேட்டார்கள். கப் தயாரிப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2023 அக்டோபரில் கப் மீதான தடை உறுதியானது. நெய்யப்படாத பைகள் மீதான தடையை மட்டும் மறுபரிசீலனை செய்யச் சொன்னது நீதிமன்றம்.

கேள்வி மக்காதது பற்றி மட்டுமில்லை. காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் பேப்பர் கப்பில் 85 முதல் 90 டிகிரி சூடான நீர் 100 மில்லிலிட்டரை ஊற்றி 15 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் நீரில் இறங்கியிருந்தன. சோதனை கப்பில் நடந்தது. ஆனால் பல சாம்பார், சூப் டப்பாக்களின் உள்ளே இருப்பதும் அதே வகைப் படலம்தான்.

சரி, 'மக்கும் பூச்சு' என்று விற்பவை? பி.எல்.ஏ எனப்படும் சோளம், கரும்பு போன்றவற்றிலிருந்து எடுக்கும் பிளாஸ்டிக் அது. மக்கும் என்பது உண்மை. ஆனால் 55, 60 டிகிரி சூட்டைப் பராமரிக்கும் தொழிற்கூட உரக்கிடங்கில்தான் சீக்கிரம் மக்கும். மாடித்தோட்டத் தொட்டியிலோ, அடையாறு முகத்துவாரச் சேற்றிலோ போட்டால் வருஷக்கணக்கில் கிடக்கும். மக்கும் பிளாஸ்டிக் என்று விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று தேவை. மொத்தமாக வாங்குபவர்கள் அந்தச் சான்றைக் கேட்டு வாங்கலாம்.

கரும்புச் சக்கைக் கூழை அச்சில் அழுத்திச் செய்யும் டப்பாக்கள் இன்னொரு வழி. முட்டை அட்டை செய்வதும் இதே முறைதான். பிளாஸ்டிக் படலம் ஒட்டாத வகையாக இருந்தால் வீட்டு உரக்குழியிலேயே மக்கும். ஆனால் எண்ணெய் ஊறாமல் இருக்க இவற்றில் சிலவற்றுக்கு ஃபுளோரின் கலந்த வேதிப்பொருள்களைச் சேர்க்கும் வழக்கம் உலகம் முழுக்க இருந்தது. உடலிலும் மண்ணிலும் எளிதில் சிதையாதவை அவை. உணவுப் பேப்பரில் எண்ணெய் தடுப்புக்காக அவற்றை விற்பது நின்றுவிட்டதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. இங்கே வாங்கும்போது 'பி.எஃப்.ஏ.எஸ் இல்லாதது' என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

ஜூஸ், பால் வரும் டெட்ரா பேக் வகைப் பெட்டி இதன் அண்ணன். முக்கால் பங்கு காகிதம், மீதி பாலித்தீன், நடுவே மிக மெல்லிய அலுமினியம். பால் பல மாதம் கெடாமல் இருப்பது இந்த அடுக்குகளாலும், கிருமி நீக்கி நிரப்பும் முறையாலும்தான். இவற்றைப் பிரிக்கத் தனி ஆலை வேண்டும்.

வீட்டிலேயே கண்டுபிடிக்க நாலு டெஸ்ட்

* கிழித்துப் பாருங்கள். ஓரத்தில் நார் நாராகப் பிரிந்தால் வெறும் பேப்பர். கடைசியில் ரப்பர் மாதிரி ஒரு படலம் இழுபட்டால் உள்ளே பிளாஸ்டிக்.
* ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நிமிடத்தில் ஊறினால் பூச்சு இல்லை. முத்து மாதிரி அப்படியே நின்றால் பூச்சு இருக்கிறது.
* ஊற வையுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு துண்டை வெந்நீரில் ஒரு மணி நேரம் போடுங்கள். காகிதம் கூழாகி, கண்ணாடி போன்ற தாள் தனியே உரிந்து வந்தால் அதுதான் பாலித்தீன்.
* உள்பக்க நிறம் பாருங்கள். சாம்பல் என்றால் பெரும்பாலும் மறுசுழற்சி அட்டை. உணவு நேரடியாகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதற்கு எது?

* கேக், பிரவுனி, குக்கீஸ்: உள்பக்கம் வெள்ளையான ஃபோல்டிங் பாக்ஸ் போர்டு. கூரியரில் போனால் வெளியே 3 பிளை பெட்டி.
* ஊறுகாய், தேன் பாட்டில்: 5 பிளை. பாட்டில்களுக்கு நடுவே அட்டைத் தடுப்பு. பெட்டிக்குள் காலி இடம் விடாதீர்கள். காலி இடம்தான் பாட்டிலை உடைக்கும்.
* துணி, புத்தகம்: 3 பிளை அல்லது மெய்லர். மழைக்காலத்தில் உள்ளே ஒரு நீர்புகாத உறை.
* சூடான சாப்பாடு: பக்கத்துத் தெரு டெலிவரி என்றால் ஸ்டீல் டப்பா சுழற்சி முறையே சிறந்தது. இல்லையென்றால் படலம் ஒட்டாத கரும்புச் சக்கை டப்பா. வாழையிலை விரித்தால் இன்னும் நல்லது.
* வீடு மாற்ற: 5 பிளை, நடுத்தர சைஸ். புத்தகத்தைப் பெரிய பெட்டியில் நிரப்பினால் அடி பிய்ந்துவிடும்.

விலை கேட்கும்போது வரியையும் கேளுங்கள். அட்டைப்பெட்டி மீதான ஜி.எஸ்.டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் பெட்டி செய்யத் தேவையான க்ராஃப்ட் பேப்பர் மீதான வரி 18 சதவீதமானது. வாங்கும் பொருளுக்கு 18 கட்டி, விற்கும் பொருளுக்கு 5 வசூலித்தால் முதலீடு வரியில் முடங்குகிறது என்பது சின்னப் பெட்டி உற்பத்தியாளர்களின் குறை. வரி குறைந்த அளவுக்கு விலை குறையவில்லையே என்று நினைப்பவர்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

பெட்டி காலியான பிறகு...

ஞாயிற்றுக்கிழமை வந்த ஐந்து பெட்டிக்கே திரும்புவோம். மிக்சி வந்த பிரவுன் பெட்டியை டேப் உரித்து, மடக்கிக் கொடுத்தால் பழைய பேப்பர் கடையில் 'அட்டை' என்று எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள். அது மறுபடி க்ராஃப்ட் பேப்பராகி, இன்னொரு பெட்டியாகத் திரும்பும். போன் பெட்டியும் போகும். ஸ்வீட் பெட்டியில் வெறும் அச்சு மட்டும் இருந்தால் போகும். பளபள பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் கஷ்டம். பீட்சா பெட்டியில் எண்ணெய் ஊறாத மேல்மூடியைக் கிழித்து அட்டையோடு சேர்க்கலாம், எண்ணெய் குடித்த அடிப்பாகத்தைத் துண்டு துண்டாக்கி உரத்தொட்டியில் போடலாம்.

மிஞ்சுவது பிரியாணி டப்பா. குழம்பு ஒட்டிய, பிளாஸ்டிக் படலம் உள்ள அந்த ஒன்றைப் பழைய பேப்பர்காரரும் வாங்க மாட்டார், உரக்குழியும் ஏற்காது. மற்ற அட்டைகளோடு சேர்த்துக் கட்டினால் அந்தக் கட்டையே கெடுக்கும். தனியாகக் கழுவி, உலர் குப்பையில்தான் போட வேண்டும். ஐந்தில் 'பேப்பர் டப்பா, நல்லதுதானே' என்று நாம் அதிகம் நம்பியது அதைத்தான்.

அடுத்த முறை ஆர்டர் செய்யும்போது கடைக்காரரிடமோ, பெட்டி விற்பவரிடமோ ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உள்ளே என்ன பூச்சு?" பதில் தெரியாமல் விழித்தால், பெட்டியின் ஓரத்தை நீங்களே கிழித்துப் பார்த்துவிடுங்கள்.